அசனப் பந்தியில் அரை முட்டை

பல்லுக்கு இன்றைக்குத்தான் திரும்ப வேலை கிடைத்திருக்கிறது, ஆபரேஷன் ஆன நாளிலிருந்து சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கிய பயல்கள், அரைக் கரண்டி மசித்த முட்டையைக் கண்டதும் ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்து ஓடி வருகிறார்கள், மெதுவாடா, தள்ளாதே, எல்லாருக்கும் உண்டு. முட்டைக்கு இப்படி ஒரு ருசி இருக்கிறதென்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. இத்தனை வாரமும் மோர்த்தண்ணி, பருப்புத்தண்ணி, சத்துமாவுத்தண்ணி, எல்லாம் நாக்கில் நிற்காமல் ஓடுகிற சாமான்கள், இது நிற்கிறது, நாக்கில் உட்கார்ந்து காலை ஆட்டுகிறது, மஞ்சள்கரு கொஞ்சம் மணலாக, வெள்ளை கொஞ்சம் வழுக்கலாக, தயிர் லேசாகப் புளித்து, அப்புறம் உப்பு, ஐயோ உப்பு. எழுந்து ஒரு குதி குதிக்கலாம் போலிருக்கிறது. குதிக்க முடியாது, சபையே தரையில் உட்கார்ந்திருக்கிறது. பேசவும் முடியாது, அதுதான் கொடுமை. ஆஸ்பத்திரியில் எனக்குச் சாப்பாட்டுச் சட்டம் சொல்லிக்கொடுத்த டயட்டீஷியன் வைதேகி மேடம், மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை பிடித்துக் குடியிருக்கிற குரல் அவர்களுக்கு, அந்தக் குரலில் சொன்னார்கள், பெர்சிஸ், சாப்பிடும்போது பேசக் கூடாது, பேசினால் காற்று உள்ளே போகும், உன் வயிறு இப்போ ஒரு கோழிமுட்டை அளவுதான், காற்றுக்கு இடம் கொடுத்தால் சாப்பாடு எங்கே உட்காரும். அம்மா அங்கேயே கும்பிட்டுவிட்டாள், பதினெட்டு வருஷத்தில் இவள் வாயை மூடவைத்த முதல் ஆள் நீங்கதான் மேடம் என்று. வாயை மூடினால் சத்தம் எங்கே போகும், உள்ளேதான் போகும், இப்போது உள்ளே ஒரு திருவிழாவே நடக்கிறது, வைதேகி மேடம் ஒரு மூலையில், சர்ஜன் ஒரு மூலையில், எலியாசர் மாமா கறிவாளியோடு நடுவில், எல்லாரும் என் குரலில்தான் பேசுகிறார்கள், நான் எல்லார் குரலிலும் பேசுகிறேன், கேட்கத்தான் ஆளில்லை.

கரண்டியைக் கீழே வை. ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும், கையில் இருந்தால் கை சும்மா இருக்காது. வைத்துவிட்டேன். இது குழந்தைக்குப் பால்சாதம் ஊட்டுகிற கரண்டி, அம்மா துணிப்பையில் மறைத்துக் கொண்டுவந்தாள், டப்பாவும் என் மடியில் தாவணிக்கு அடியில்தான் இருக்கிறது, ஏனென்றால் எதிரே இலையில் சோறும் கறியும் மலையாக இருக்கிறது, இன்றைக்கு அசனம். சாத்தான்குளம் போகிற ரோட்டில் எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் வருஷத்துக்கு ஒரு நாள் கோயில் பந்தலில் சபை மொத்தமும் தரையில் உட்கார்ந்து ஒரே அண்டாச் சோறு, ஒரே அண்டாக் கறி சாப்பிடும், பணக்காரன் வீட்டுக்குத் தனி இலை கிடையாது, கிழவிக்குத் தனி நாற்காலி கிடையாது, வரமாட்டேன் என்று சொன்னால் செத்துப்போனாயா என்று பார்க்க ஆள் வரும். அதனால் வந்தாயிற்று. வாயிலேயே கூழாகிற வரைக்கும் மென்று சாப்பிடலாம் என்று மேடம் அனுமதி கொடுத்த முதல் நாளும் இதே நாளாகப் போயிற்று, இதை நான் திட்டமிட்டுச் செய்ததாக அம்மா சந்தேகப்படுகிறாள், என் சரித்திரம் அப்படி. கறி வாசனை வருகிறது. பட்டை, சோம்பு, வறுத்த தேங்காய், கொழுப்பு உருகின எண்ணெய் இலை ஓரத்தில் சிவப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது, நெஞ்செலும்பு ஒன்று என்னைப் பார்த்தபடியே கிடக்கிறது, எலியாசர் மாமா பொறுக்கி எடுத்து வைத்தது, மருமகளே, ஆஸ்பத்திரியில கிடந்து அரை ஆளாப் போயிட்டியே, தின்னு தேறு என்று. எலியாசர் மாமா குரலைப் பிடிக்கக் கன்னத்தில் இரண்டு பக்கமும் காற்றை அடைத்துக்கொண்டு வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். போன அசனத்துக்கு முந்தின அசனத்தில் மைக்கைப் பிடித்து அந்தக் குரலில், சபையார் மன்னிக்கணும், கறி தீர்ந்துபோச்சு, சாம்பார்தான் இருக்கு என்றேன், வாசலில் காத்திருந்த கூட்டம் அப்படியே சமையல்கொட்டகைக்குள் பாய்ந்தது, மாமா அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு அம்மா என்னை அடிக்கவில்லை, அடிக்கத் துரத்தினாள், எனக்கு அப்போது ஓட முடியாது, நாலு எட்டு வைத்தால் நெஞ்சு அடைக்கும், நின்றுவிட்டேன், அவளும் நின்றுவிட்டாள். அந்த முகம். ராத்திரி தூக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வருவதைக் கேட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே, அதே முகம்.

முதல் வாய் போய்விட்டது, கூழாகித்தான் போனது, மேடம், சத்தியமாகக் கூழ். உள்ளே என்ன சொல்கிறார்கள் கேட்போம். எல்லார் குரலும் எனக்கு வரும், இந்தப் புது வயிற்றின் குரல் மட்டும் பிடிபடமாட்டேன் என்கிறது. ஒரு நாள் பஸ் கண்டக்டர் குரல் கொடுத்துப் பார்த்தேன், உள்ளே இடமில்லை, பின்னால காலியா ஒரு வண்டி வருது, அதில வாங்க. பொருந்தவில்லை, கண்டக்டர் அப்படிச் சொல்லிவிட்டு நாலு பேரை ஏற்றிக்கொள்வார், இது ஏற்றிக்கொள்ளாது. கணக்கு டீச்சர் குரல் கொடுத்தேன், அதுவும் இல்லை, டீச்சர் காரணம் சொல்வார்கள். இது வார்த்தையே பேசாது. என் நெஞ்சுக்குக் கீழே ஒரு விரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு சேதி, ஒரே ஒரு விக்கல், காரணமில்லாமல் மூக்கில் தண்ணீர், அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வாய் வைத்தால் அப்புறம் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்கிற மாதிரி. என்னுடைய பழைய வயிறு வாயாடி, எப்போதும் பேசும், இன்னும் இன்னும் என்று ஏலம் போடும், அதை வெட்டி ஓரமாக ஒதுக்கி, மேலே ஒரு சின்னப் பையை விட்டுவைத்து, அதைக் குடலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள், சர்ஜன் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார், எனக்கு அது சுருக்குப்பை மாதிரி இருந்தது. இந்தச் சுருக்குப்பை பேசாத பிள்ளை. வீட்டில் இரண்டு பேரும் பேசினால் யார் கேட்பது என்று முடிவு செய்துவிட்டது போல.

இரண்டாவது வாய். மெல்லு. பக்கத்தில் தொர்க்காள் சித்தி சோற்றைக் குழைத்து உருட்டி அடிக்கிறாள், எலும்பை உறிஞ்சுகிற சத்தம் விசில் மாதிரி வருகிறது, நடுநடுவே என் தொடையைத் தட்டி, ஏட்டி, கல்லு எத்தனை எடுத்தாவ, பெருசா சிறுசா என்று விசாரிக்கிறாள். கல்தான். ஏனென்றால் எனக்கு ஆபரேஷன் நடந்தது பித்தப்பைக் கல்லுக்கு என்று அம்மா சபை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். எடையைக் குறைக்க வயிற்றைச் சுருக்கினோம் என்று சொன்னால், தின்கிறதைக் குறைக்கத் துப்பில்லாமல் வயிற்றை அறுத்துக்கொண்டாளாம் என்று கிணற்றடி வரைக்கும் பேசுவார்கள், அதை என் பிள்ளை காதால் கேட்க வேண்டாம் என்பது அம்மாவின் கணக்கு. பெண்கள் ஐக்கிய சங்கம் வரிசையாக எழுந்து என் பித்தப்பைக்காக ஜெபம் பண்ணியது. இல்லாத கல்லுக்கு எத்தனை கண்ணீர். ஒவ்வொரு குரலும் என்னிடம் இருக்கிறது, தொர்க்காள் சித்தி ஜெபம் பண்ணினால் கடைசி வார்த்தையில் ஒரு ஏற்றம் வரும், கல்லைக் கரைத்தருளும் ஆண்டவரே-ஏ-ஏ. அப்புறம் வந்தார்கள் தூக்குவாளிகளோடு. பிள்ளைக்குத் தண்ணி ஆகாரம்தான் கொடுக்கணுமாம் என்று யாரோ கேள்விப்பட்டு, தண்ணியாக இருக்கிற எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள், கருப்பட்டிக் காப்பி, பதநீர், ஆட்டுக்கால் சூப், சிறுபருப்புப் பாயசம். பாயசம் தண்ணியாகத்தானே இருக்கிறது என்றாள் அம்மா. தண்ணியாகத்தான் இருக்கிறது என்றேன் நான். பொய்யில்லை, இரண்டு பேரும் மனசாரத்தான் சொன்னோம், தண்ணி ஆகாரம் என்றால் தண்ணியாக இருக்கிற ஆகாரம், அதற்குமேல் யோசிக்க எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. இரண்டு மடக்கு. எவ்வளவு இனிப்பு, எவ்வளவு நெய், கொஞ்ச நேரம்தான், அப்புறம் நெஞ்சு பந்தலில் கொட்டுகிற மேளம் மாதிரி, நெற்றியில் வேர்வை, கை நடுங்கி டம்ளர் உருண்டது, கண்ணுக்கு முன்னால் அம்மா நீளமாகிச் சுருங்கினாள், நான் சாகிறேன் என்று நினைத்தேன், அம்மாவும் அதையே நினைத்தாள், போனில் வைதேகி மேடம் மட்டும் நிதானமாக, சர்க்கரை நேரா குடல்ல இறங்கிடுச்சு, படுக்க வைங்க, இனிமே இனிப்புத் தண்ணி கூடாதுன்னு தனியா சொல்லணுமா என்று கேட்டார்கள். சொல்லணும் மேடம். எங்களுக்குச் சொல்லணும்.

மெல்லு, எங்கே நிறுத்தினாய். இன்னும் கூழாகவில்லை, வெள்ளைக்கரு ஒரு துண்டு ஒளிந்துகொண்டு விளையாடுகிறது, பிடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அத்தை ஒருத்தி, நடக்கச் சொன்னால் நடக்கமாட்டாள், வலிக்குது வலிக்குது என்பாள், நான் திரைக்குப் பின்னால் இருந்து வைதேகி மேடம் குரலில், எழுந்திருங்க, வராண்டா வரைக்கும் போயிட்டு வாங்க என்றேன், அத்தை பதறி எழுந்து ஒரு சுற்று நடந்து வந்து திரையை விலக்கினால் மேடத்துக்குப் பதில் நான், வயிற்றில் தையல், சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமலும் முடியாமல், தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு. அத்தை திட்டவில்லை. இன்னொரு வாட்டி சொல்லு பாப்பா என்றாள். அன்றைக்குத்தான் தெரிந்தது, குரல்கள் போகவில்லை. அதுவரைக்கும் ஒரு பயம் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை, மயக்க மருந்து கொடுக்கிறபோது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இத்தனை பேரும் இந்தப் பெரிய உடம்பில்தானே குடியிருக்கிறார்கள், வீட்டை இடித்துச் சின்னதாக்கினால் யாரைக் காலி பண்ணச் சொல்வது. எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்கள். நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள், பந்தி மாதிரி. தாவணி இடுப்பில் இன்னொரு சுற்று வருகிறது. காலையில் கோயில் படிக்கட்டில் ஏறினேன், ஏறி முடித்த பிறகுதான் ஏறினதே தெரிந்தது, திரும்ப இறங்கி இன்னொரு தடவை ஏறினேன், அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், பைபிளை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

என்ன இது, சத்தம் குறைகிறது. உறிஞ்சுகிற விசில் நின்றுவிட்டது. தலையை நிமிர்த்திப் பார்க்கிறேன், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் எல்லாரும் இலையை மடக்கிவிட்டார்கள். சோற்றுக்கை காய, முழங்கால் நோக உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தியில் ஒருத்தர் தின்றுகொண்டிருந்தால் மற்றவர்கள் எழக் கூடாது, கடைசி இலை மடங்கின பிறகு ஐயர் நன்றி ஜெபம் சொல்வார், ஆமென் என்றதும் வரிசை மொத்தமும் ஒன்றாக எழும், எங்கள் சபையில் இது சட்டப்புத்தகத்தில் இல்லாத சட்டம். பாதிரியாரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். அந்த ஐயர் பந்தி முனையில் நின்று இலைகளைப் பார்த்துக்கொண்டே வருகிறார், மடங்கினது, மடங்கினது, மடங்கினது, என்னிடம் வந்து பார்வை நிற்கிறது, மலையாகச் சோறு, தொடாத கறி, மென்றுகொண்டிருக்கிற வாய். கர்த்தாவே. எனக்கு இரண்டாவது வாய்தான் ஆகிறது. மேடம் சட்டப்படி இந்த அரை முட்டைக்கு அரை மணி நேரம். சபைச் சட்டப்படி அடுத்த பந்தி இப்போதே உட்கார வேண்டும், அவர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாயிற்று, யாருடைய முழங்காலோ என் தோளில் முட்டுகிறது, பசித்த முழங்கால். பார்வைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன, எனக்கு மேடை பயமே கிடையாது, எத்தனை பேர் பார்த்தாலும் பிடிக்கும், ஆனால் மெல்லுவதை யாரும் பார்த்ததில்லை. குண்டுப் பிள்ளை தின்பதை ஊர் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எப்போதும் பேசிக்கொண்டே தின்றேன், குரலைப் பார்க்கட்டும் வாயைப் பார்க்க வேண்டாம் என்று. இப்போது குரல் இல்லை. வாய் மட்டும்தான் இருக்கிறது.

அம்மா குனிந்து என் காதில், "வேகமா முழுங்குட்டி, ஐயர் நிக்காரு" என்கிறாள். முழுங்கிவிடலாம். ஒரு மடக்குத்தானே. மீதியையும் வாயில் கொட்டி, ஒரு நிமிஷம், முடிந்தது, ஆமென், எழுந்துவிடலாம். கரண்டி கைக்கு எப்போது வந்தது, நான் எடுக்கவில்லையே, மூன்றாவது வாய் உள்ளே போய்விட்டது, இரண்டாவது முடியாமலே போய்விட்டது, வாய் நிறைந்துவிட்டது, தொண்டை திறக்கிறது, பழைய தொண்டை, பழைய பழக்கம், இறக்கு இறக்கு என்கிறது. சர்ஜன் குரல் வருகிறது, அது உலர்ந்த குரல், மெல்லாம முழுங்கினா அடைச்சுக்கும், அடைச்சா வாந்தி வரும், வாந்தி தையலுக்கு ஆகாது, திரும்ப டேபிள்ல படுக்கணும். திரும்ப டேபிள். அந்தக் குளிர். அம்மா வராண்டாவில். நெஞ்சுக்குக் கீழே விரல் லேசாக வந்து நிற்கிறது, இன்னும் அழுத்தவில்லை, வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறது. தொண்டையே, மூடு. மூடு என்றேன். மெல்லு. யார் பார்த்தால் என்ன, ஐயர் நிற்கட்டும், முழங்கால் முட்டட்டும், மெல்லு, இந்த வயிறு சபைச் சொத்து இல்லை, மெல்லு, கூழ், கூழ், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு, கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. இறங்குகிறது. இறங்கிவிட்டது. போகட்டும் என்று புது வயிறு உள்ளே விட்டுவிட்டது.

கரண்டியைக் கீழே வைக்கிறேன், இந்தத் தடவை மடியில் இல்லை, இலை மேல், எல்லாரும் பார்க்கிற மாதிரி. டப்பாவையும் தாவணிக்கு வெளியே எடுத்து வைக்கிறேன். வாய் காலி, பேசலாம். எந்தக் குரலில் பேசுவது என்று ஒரு நொடி தேடுகிறேன், எலியாசர் மாமா தயாராக இருக்கிறார், மேடம் தயாராக இருக்கிறார்கள், யாரையும் கூப்பிடவில்லை.

"ஐயா, எனக்கு பித்தப்பையில கல்லு இல்ல. வயித்தைச் சின்னதாக்கி ஆபரேஷன் பண்ணியிருக்கு. இவ்வளவுதான் தின்ன முடியும், மெதுவாத்தான் தின்ன முடியும்."

சிரித்துவிட்டார்கள். முதலில் எதிர்வரிசையில் ஒருத்தர், அப்புறம் மொத்தப் பந்தியும், எலியாசர் மாமா வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஏ, இது யாரு குரலு, பிடிபடலியே என்று யோசிக்கிறார், தொர்க்காள் சித்தி என் முதுகில் ஒரு அடி வைத்து, வெளையாட்டுக்காரி என்கிறாள். ஐயர்கூட மீசைக்குள் சிரிக்கிறார். கறி தீர்ந்துபோச்சு என்று சொன்னபோது நம்பிய சபை இது. எனக்குச் சிரிப்பும் வருகிறது, காதெல்லாம் சூடாகவும் இருக்கிறது, என்னுடைய குரலை யாருக்குமே தெரியவில்லை. அம்மாவைப் பார்க்கிறேன். அவளுக்கு வழி திறந்து கிடக்கிறது, ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தால் போதும், என் தலையில் ஒரு குட்டு வைத்தால் போதும், கல் கல்லாகவே இருந்துவிடும், கிணற்றடி வாய் மூடியே இருக்கும். அவள் சிரிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் குழந்தைக் கரண்டியைப் பார்க்கிறாள். சேலையில் கையைத் துடைக்கிறாள், சோற்றுக்கையை, நல்ல சேலையில்.

"வெளையாட்டு இல்ல" என்கிறாள் அம்மா. "நான்தான் அப்படிச் சொல்லிவச்சேன். தூக்கத்துல மூச்சு நின்னுச்சு எம் பிள்ளைக்கு."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த முழங்கால் மெல்ல விலகிக்கொள்கிறது. இப்போது வரும், தின்கிறதைக் குறைக்கத் துப்பில்லாமல் என்று யாராவது ஆரம்பிப்பார்கள், எந்தக் குரலில் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வந்த குரல் தொர்க்காள் சித்தியுடையது, ஜெபத்தில் வருகிற ஏற்றம் இல்லாமல், கொஞ்சம் கம்மி.

"அப்ப அந்த நெஞ்செலும்பு உனக்கு வேண்டாமாட்டி?"

வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன். சித்தி அதை எடுத்துக்கொள்கிறாள், ஆசையாகத்தான், கூச்சமில்லாமல், மடக்கின இலையைத் திரும்ப விரித்து. அவ்வளவுதான், அது போதும், எதிர்வரிசை விரிக்கிறது, அதற்கடுத்தது விரிக்கிறது, எப்படியும் இந்தப் பிள்ளை தின்னு முடிக்கிற வரைக்கும் உட்காரத்தானே வேணும், சும்மா ஏன் உட்காரணும், எலியாசரு, வாளியை இங்க கொண்டா என்று ஒரு பெரியவர் அதட்டுகிறார், நிற்கிறவர்கள் சத்தம் போடுகிறார்கள், எங்களுக்கு மிச்சம் வைங்கய்யா என்று, மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டும்போது மட்டும் கரண்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்ச் சொட்டுகூட என் டப்பாவில் விழாமல், ஆபரேஷன் தியேட்டரைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போகிறார். ஐயரும் முனையில் உட்கார்ந்துவிட்டார், அவருக்கு ஒரு இலை போடுகிறார்கள். சித்தி ஒரு பக்கம் எலும்பை உறிஞ்சிக்கொண்டு, அப்ப உள்ள எவ்வளவுதான் இருக்கு, காட்டு என்று முஷ்டியை மடக்கிக் காட்டச் சொல்கிறாள், நான் முட்டை அளவுக்கு விரலைக் குவித்துக் காட்டுகிறேன், அவள் தன் உருண்டையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள், உருண்டை பெரியது. அம்மா முகத்தை மூடிக்கொண்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, தோள் குலுங்குகிறது.

நாலாவது வாய். இப்போது பார்க்கிறார்கள், பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும், மெல்லுவதைப் பார்க்கட்டும். உப்பு. மஞ்சள்கருவின் மணல். வாழ்க்கையில் இப்படி யாரும் முட்டை தின்றிருக்கமாட்டார்கள். கூழாகி, இறங்கி, ஒரு விக்கல் வந்தது, ஒன்றே ஒன்று, மூக்கில் தண்ணீர், விரல் வந்து அழுத்திற்று. சரி. கேட்டுவிட்டது. டப்பாவில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, வழித்தால் ஒரு வாய் வரும், நல்ல வாய், ஓரத்தில் தயிர் திரண்டு நிற்கிறது. நான் எதையும் மிச்சம் வைத்தவள் கிடையாது, அடுத்தவர் இலையில் மிச்சம் வைத்தால்கூட எனக்கு ஒப்பாது. மூடியை எடுத்து அழுத்துகிறேன், டப்பென்று ஒரு சத்தம், அந்தச் சத்தத்துக்குத் தலைகள் திரும்புகின்றன, அங்கங்கே பாதி உருண்டை வாய்க்குப் போகிற வழியில் நிற்கிறது. "முடிஞ்சுதாம்மா?" என்று ஐயர் அந்த முனையிலிருந்து கேட்கிறார். இலை நிறைய அவருக்குக் கறி இருக்கிறது. ஆமா ஐயா, நீங்க தின்னுங்க, நான் இருக்கேன் என்கிறேன். சோற்றைக் குழைத்து அவர் தின்னத் தொடங்குகிறார், வரிசை தின்னத் தொடங்குகிறது, எனக்கு வேலை ஒன்றுமில்லை, வயிறு நிறைந்திருக்கிறது, நிறைந்தபடி கையைக் கட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு, எல்லாரும் தின்று முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.